குகதாசன் எந்தப் பக்கமாகச் சுற்றினார்?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள். "ஆன்ட்டி, இன்னொரு நாட்டோட சேர்ந்து குற்றவாளிகளைக் கண்காணிக்கிற புது ஏற்பாடு ஒண்ணு வருது. நீங்க முன்னாடி ஆஸ்திரேலியாவோட செஞ்சீங்களாமே. என்னென்ன செலவு ஆகும்னு ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா?" என்றாள்.

ஒரு பக்கமாம்! கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லி என் வீட்டுக்காரருக்கு நான் எழுதும் சீட்டே ஒரு பக்கம் தாண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து என் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். அவள் கேட்ட செலவு இதில் கொஞ்சம்தான் இருக்கும்.

நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள். கல்யாணமாகி ஆக்லாந்துக்கு வந்து, ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கோப்பு அடுக்கி, அது அலுத்துப்போய் ப்ரொபேஷன் ஆபீசர் வேலைக்கு எழுதிப் போட்டேன். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் நீதிமன்றம் விதித்த நிபந்தனைப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் வேலை. பயிற்சியில் ஒரு நாள் என்னைக் குற்றவாளியாக நடிக்கச் சொன்னார்கள். நான் நடித்த லட்சணத்தில், பயிற்சி கொடுத்தவர் என்னை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டார். மற்றபடி பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மனுகாவ் அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி ஹெலன். தெற்குத் தீவில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த வெள்ளைக்காரி. ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். நான் எழுதிய அறிக்கையை மேசையில் வைத்து, நின்றபடியே படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு மர அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார். எங்கே நான் ஆதாரம் இல்லாமல் ஏதாவது சொல்லியிருக்கிறேனோ அங்கே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. படித்து முடித்ததும் முதல் புள்ளியைத் தொட்டுக் காட்டி, "சரோ, இது உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். 'அவர் திருந்திவிட்டார்' என்று எழுதினால் புள்ளி. 'அவர் குடிப்பதில்லை' என்று எழுதினால் புள்ளி. 'திங்கட்கிழமை காலை என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் மதுவாடை இல்லை' என்று எழுத வேண்டும். முதல் வருஷம் கழிவறையில் போய் அழுதிருக்கிறேன். இரண்டாம் வருஷத்திலிருந்து வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்து, என் வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதித்தேன்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், நியூசிலாந்து பாஸ்போர்ட் வைத்திருந்து ஆஸ்திரேலியாவில் தண்டனை பெற்றவர்களை அந்த நாடு கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. இங்கே வந்து இறங்கியதும் அவர்கள் எங்கள் பொறுப்பு. சிலருடைய கோப்பை மட்டும் இரண்டு கரையும் சேர்ந்து பார்ப்பது என்று ஒரு சோதனை ஏற்பாடு வந்தது. காலில் கட்டிய கருவி காட்டும் நடமாட்டத்தை நாங்களும் பார்ப்போம், மெல்போர்னிலிருந்து அவர்களும் பார்ப்பார்கள். சேர்ந்து பார்ப்பது என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். எங்களுக்குப் பதினொரு மணி ஆனால்தான் அவர்களுக்கு ஒன்பது. அவர்கள் தேநீர் குடித்து முடித்துப் போனை எடுக்கும்போது நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்போம். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை மாட்டும்போதுதான் அவர்களுக்குச் சுறுசுறுப்பு வரும்.

அப்படிப்பட்ட கோப்புகளில் ஒன்று குகதாசனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது தாண்டியிருக்கும். சின்ன வயதில் அகதியாக ஆக்லாந்துக்கு வந்து குடியுரிமை வாங்கி, பிறகு மெல்போர்ன் போய், ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு சண்டையில் கூட வேலை செய்தவனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். அடிபட்டவனுக்கு ஒரு கண் போய்விட்டது. நாலு வருஷம் சிறை. முடிந்ததும் விமானத்தில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். மனைவியும் பதினொரு வயது மகள் மதுராவும் மெல்போர்னிலேயே இருந்தார்கள். இவர் ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் தன் அக்கா வீட்டின் பின்னறையில் தங்கினார். வேலைக்குப் போகலாம், வரலாம். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கோயிலுக்குப் போகலாம். வேறெங்கும் போகக் கூடாது.

ரொம்ப அமைதியான ஆள். என் முன்னால் கைகளை மடியில் வைத்து உட்காருவார். நான் "பசியாறியாச்சா தம்பி?" என்று எங்கள் ஊர் வழக்கத்தில் கேட்டால் "ஓம் அக்கா" என்பார். நான் எதைக் கேட்டாலும் "ஓம் அக்கா"தான். ஒரே ஒரு தடவைதான் தானாகவே வாயைத் திறந்தார்.

"அக்கா, பிள்ளையை ஒருக்காப் பாக்க ஏலுமோ? பள்ளிக்கூட லீவுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு தாய் சொல்லுறா. நாலரை வருசமாப் பாக்கேல்ல."

விசாரித்தேன். அங்கே உள்ள குடும்ப நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தகப்பனால் பிள்ளைக்கு ஆபத்து ஏதும் தெரியவில்லை என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பிள்ளை வரலாம். ஒரு பக்கம் தயங்கினாலும் கிடையாது. தாய் டிக்கெட்டை வாங்கிவிட்டாள். கடிதத்துக்கு ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரம் தாராளம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது!

அந்த வாரமே மெல்போர்னிலிருந்து கிரெக் போன் பண்ணினார். அந்தக் கரையில் இந்தக் கோப்பைப் பார்ப்பவர் அவர்தான். "சரோ, உங்கள் ஆள் சனிக்கிழமைகளில் ஒரு கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நாலு வாரமாக. பக்கத்திலேயே ஒரு மதுக்கடையின் கிடங்கு இருக்கிறது. திருடுவதற்கு நோட்டம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இப்படி இருக்கும்போது நான் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அது எங்கள் கோயில்! பழைய பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கியிருந்தார்கள். உள்ளே இடம் போதாமல் நவக்கிரகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அதைச் சுற்ற முடியாது என்பதால் ஒன்பது சுற்று வேண்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வெளியே வந்து கட்டிடத்தையே சுற்றுவார்கள். கார் நிறுத்தும் இடம், குப்பைத் தொட்டி, அடுத்த பட்டறையின் வேலி, மறுபடி கார். மழை பெய்தால் குடையோடு சுற்றுவார்கள். நானே பரீட்சைக் காலத்தில் என் மகனுக்காகச் சுற்றியிருக்கிறேன்.

"கிரெக், இது சாமி கும்பிடுவது" என்றேன். எழுத்தில் வேண்டும் என்றார். எழுதினேன். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட அறிக்கை தெரியுமா! பிரதட்சணம் என்றால் என்ன, ஏன் வலமாகச் சுற்றுகிறோம், ஒன்பது கோள்கள் எவை, சனிக்கிழமைக்கு என்ன விசேஷம், மனக்கஷ்டம் உள்ளவர் எத்தனை சுற்றுச் சுற்றுவார் என்று நாலு பக்கம். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்து, நமக்குத் தெரிந்ததை ஒருத்தர் கேட்டு எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை. விடுவேனா?

ஹெலன் அடிக்கோலை எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நகர்த்தினார். ஒரு புள்ளி வைக்கவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். நானோ பெருமையில் பூரித்துப்போய்விட்டேன்.

அந்த நாலு பக்கத்தால் நடந்த கூத்தைக் கேளுங்கள். மெல்போர்ன்காரர்கள் அதை மேலே அனுப்ப, மேலே இருந்தவர்கள் ஒரு கலாசார ஆலோசகரை அமர்த்தினார்கள். அந்த மனிதர் என் நாலு பக்கத்தைப் பாராட்டிப் பதினோரு பக்கம் எழுதினார். நாங்களும் சளைக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு சட்ட ஆலோசகர் வந்தார். பிறகு வீடியோவில் ஒரு கூட்டம். இரண்டு கரையிலுமாக ஒன்பது பேர். குகதாசனும் இருக்க வேண்டும், அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர்கள் விதியில் இருந்ததாம். குகதாசனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். நானோ தமிழச்சி. இரண்டும் செல்லாது. விதி என்றால் விதி. அவர்களே ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். சென்னைக்காரர், சிட்னியிலிருந்து பேசினார்.

குகதாசன் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசியதும் அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், அவர் பேசுறது மலையாளம் மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் நம்ம தமிழ்ல சொல்றீங்களா?" என்றார்.

"நம்ம தமிழா? நான் பேசுறது கிள்ளான் தமிழ்லா. அதுவும் உங்களுக்கு வேணாம், விடுங்க" என்றேன். கடைசியில் குகதாசன் சொன்னதை நான் அவருக்குச் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் சொல்ல, குகதாசன் அந்த ஆங்கிலத்தைக் கேட்டுத் தலையாட்ட, ஒரு மணி நேரம் போனது.

இதற்கு நடுவில் கிரெக் குகதாசனிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் சுற்றுவது உங்கள் மத வழக்கமா?"

குகதாசன் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் தலையாட்டினேன். "ஓம். அக்கா சொன்னாச் சரி" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை "ஆம்" என்று மட்டும் சொன்னார். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு முக்கியமான மூன்று வார்த்தையை விழுங்கிவிட்டார்! நானும் திருத்தவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் யாராவது வாயைக் கொடுப்பார்களா?

கடிதத்துக்கு எட்டு நாள் இருந்தது. கிரெக் மறுபடி போன் பண்ணினார். "சரோ, ஒரே ஒரு சின்ன விஷயம். உங்கள் அறிக்கையில் வலமாக, கடிகார முள் சுற்றும் திசையில் என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆலோசகரும் எழுதியிருக்கிறார். ஆனால் வரைபடத்தில் அம்புக்குறி எதிர்ப் பக்கம் போகிறதே?"

பார்த்தேன். சரிதான். ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒவ்வொரு சுற்றும், இடமாக. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ராகு, கேது என்று இரண்டு கிரகம் இருக்கிறது. அதற்கு இடமாகச் சுற்றுகிறவர்கள் உண்டு" என்றேன். அது பொய்யில்லை, அப்படிச் சுற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"ஓ. எத்தனை சுற்று?"

"இரண்டு."

"இவர் போன வாரம் நாற்பத்திரண்டு சுற்றியிருக்கிறார்."

"கேட்டுச் சொல்கிறேன்" என்று போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நாளில் நான் குகதாசனை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. தமிழர், கோயிலுக்குப் போகிறார், சுற்றுகிறார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒரு வெள்ளைக்கார அதிகாரியாக இருந்திருந்தால் ஒன்றும் புரியாமல் முதல் நாளே கேட்டிருப்பார்.

சனிக்கிழமை நானே கோயிலுக்குப் போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் வலமாக வந்துகொண்டிருந்தார்கள். குகதாசன் மட்டும் அவர்களுக்கு எதிரே, வேலி ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருந்தார். கைகூப்பவில்லை. வாசல் வரும்போது உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, இது என்ன வேண்டுதல்?" என்றேன்.

அவர் நின்றார். முகம் வெளுத்துப்போனது. "வேண்டுதல் இல்லை அக்கா. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை."

"பிறகு ஏன் சுத்துறீங்க?"

"மறியல்ல ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் முத்தத்தில விடுவினம். எல்லாரும் இந்தப் பக்கமாத்தான் சுத்துவம். ஏனெண்டு தெரியாது, முதல் நாளே அப்பிடித்தான் நடந்துகொண்டிருந்தவங்கள். நாலு வருசம் சுத்தி, இப்ப சுத்தாட்டி நித்திரை வருகுதில்லை. வெளியில நடக்க எனக்குத் தந்த இடம் இது ஒண்டுதானே."

மறியல் என்று அவர் சொன்னது சிறையை, முத்தம் என்றது சிறை முற்றத்தை. எனக்குக் கோபம் வந்தது. "அன்னிக்கு மீட்டிங்ல சொல்லியிருக்கலாம்ல? ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோமே!"

"நீங்கள் தலையாட்டினியள் அக்கா" என்றார். "மறியல்ல ஒஃபிசர் தலையாட்டினா நாங்களும் ஆட்டோணும்."

அவர் மெதுவாக, "இனிப் பிள்ளை வராதோ?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரியாதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஞாயிறு முழுக்க மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. பேசாமல் இருந்தால் கிரெக் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடக்கூடும், பிள்ளை வரும். ஆனால் என் கையெழுத்துக்கு மேலே நாலு பக்கம் தப்பு இருக்கும். சொன்னால், கூட்டு அறிக்கையில் பொய் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆலோசகர் மறுபடி பதினோரு பக்கம் எழுதுவார். பிள்ளையின் லீவு முடிந்துபோகும்.

திங்கட்கிழமை காலை ஹெலன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி, அரைப் பக்கத்தில் எழுதியிருந்ததை நீட்டினேன். அடிக்கோலை வைத்துப் படித்தார்.

"அப்போது என்னுடைய நாலு பக்கத்தில் நீங்கள் ஏன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை?" என்று கேட்டேன். எனக்கு அவர் மேலும் கோபம்தான்.

ஹெலன் முகம் சிவந்துவிட்டது. அதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "உன் சாமி விஷயத்தில் நான் எப்படிப் புள்ளி வைப்பது, சரோ? மரியாதைக் குறைவாக இருக்குமே என்று பயந்துவிட்டேன்." அப்புறம், "இந்த ஆலோசகர்கள், கூட்டம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் ஆன பணத்தில் அந்தப் பிள்ளையைப் பத்துத் தடவை இங்கே கூட்டி வந்திருக்கலாம். போன் பண்ணு. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார்.

மெல்போர்னில் ஒன்பது அடிக்கும்வரை காத்திருந்து போன் பண்ணினேன். வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "கிரெக், என் அறிக்கை தப்பு. அவர் சாமி கும்பிடவில்லை. சிறை முற்றத்தில் நடந்த பழக்கம்..."

"முற்றமா?" என்று கிரெக் இடைமறித்தார். "அட, அதுதானா! எல்லாரும் இடப் பக்கமாகத்தான் சுற்றுவார்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நான் சிறைக் காவலராக இருந்தேன், சரோ. அந்த முற்றத்தைத்தான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்தபிறகும் பாதிப் பேருக்கு அது போகாது." பிறகு கேட்டார்: "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

நான் ஹெலனைப் பார்த்தேன். ஹெலன் ஜன்னலைப் பார்த்தார். அன்று மாலையே கடிதத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தது.

மதுரா வந்தாள். முதல் சந்திப்பில் அதிகாரி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதால் நானும் போயிருந்தேன். இடம் அந்தக் கோயில் வளாகம்தான், வீடும் வேலையும் தவிர வேறெங்கும் அவருக்கு அனுமதி இல்லையே. தாய் காரிலேயே இருந்துகொண்டாள். அப்பாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்த பிள்ளை. கட்டிப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. குகதாசன், "நடப்பமே?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். பழக்கப்பட்ட பக்கமாகவே.

நாலடி போயிருப்பார்கள். பிள்ளை நின்றாள். "அப்பா, ராங் வே" என்றாள். மெல்போர்னில் தாயோடு கோயிலுக்குப் போய்ப் பழகியவள். அவர் புரியாமல் நிற்க, அவர் முழங்கையைப் பிடித்து, வண்டியைத் திருப்புகிற மாதிரித் திருப்பினாள். பிடித்த கையை எடுக்காமலேயே நடந்தாள். குகதாசன் இரண்டு தரம் தடுமாறினார். நான் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நன்றாக அழுதுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவர்கள் திரும்பிப் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் சனிக்கிழமை வரைபடத்தைத் திறந்தேன். நாற்பது சுற்று. அம்புக்குறி எல்லாம் வலப் பக்கம்.

குகதாசன் வந்து உட்கார்ந்ததும், "இப்ப நல்லாத் தூக்கம் வருதா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா" என்றார். "இந்தப் பக்கமாச் சுத்தினா நித்திரை வருகுதில்லை. எண்டாலும் பிள்ளை சொன்ன பக்கமெல்லோ."